நாற்காலி மட்டும் போதுமா?

"என் மகனுக்கு எப்படியாவது ஒரு வேலை கிடைத்துவிட்டால் போதும்" என்று கால் ஊனமுற்ற பிள்ளையின் தாய் சொல்லும்போது நாமும் தலையசைக்கிறோம். வேலை கிடைத்தபின் அங்கே அவன் எவ்விதம் நடத்தப்படுகிறான் என்று விசாரிப்போர் மிகச் சிலரே. மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறதல்லவா!

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் ஏறக்குறைய 2.68 கோடி பேர். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குச் சற்று அதிகமானோரே வேலையில் இருந்தனர். ஆகவே அந்தத் தாயின் ஏக்கம் நியாயமானதே. ஆனால் வேலைக்குச் சேர்ந்தவர்களின் மனக்குறை வேறுவிதமானது.

போலியோவினால் பாதிக்கப்பட்ட லீசம்மா ஜோசப் என்ற பெண்மணி, பணியிலிருந்த சகோதரன் இறந்ததால், 1996-ல் கேரளக் காவல்துறை அலுவலகத்தில் கருணை அடிப்படையில் நியமிக்கப்பட்டார். மாற்றுத்திறனாளி என்ற முறையில் தமக்குரிய பதவி உயர்வு முன்னதாகவே கிடைத்திருக்க வேண்டும் என்று பின்னாளில் வழக்குத் தொடர்ந்தார். அவர் இடஒதுக்கீட்டில் வந்தவரல்லவே என்றது மாநில அரசு. தீர்ப்பாயம் அவர் கோரிக்கையைத் தள்ளியது, உயர்நீதிமன்றம் ஏற்றது. 2021 ஜூன் 28 அன்று உச்சநீதிமன்றமும் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. எந்த வழியாக வேலைக்கு வந்தார் என்பது பொருட்டல்ல, பதவி உயர்விலும் ஒதுக்கீடு உண்டு என்றது. ஒரே பதவியில் தேங்கிப்போகிறவர்கள் மனமுறிவு அடைவார்கள் என்பதையும் நீதிபதிகள் சுட்டிக்காட்டினர்.

கருணையாய்க் கொடுத்தோம், இனி என்ன கேள்வி என்ற எண்ணம் அரசிடம் மாத்திரமா இருக்கிறது? கடினமாயிருக்கும் என்று நாமே முடிவுசெய்து, அவர்களிடம் ஒரு வார்த்தை கேளாமல், பொறுப்பான வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிடுகிறோம். அதை அன்பு என்றும் நினைத்துக்கொள்கிறோம்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணியிடங்களில் குறைந்தது 4 விழுக்காட்டை ஒதுக்குகிறது. பணியிலிருக்கும்போது ஊனமுற்ற அரசு ஊழியரை நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது. பழைய வேலைக்குத் தகுதியில்லையெனில், அதே ஊதிய விகிதத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். தனியார் நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கையை அறிவிக்கக் கடமைப்பட்டவை. உங்கள் பிள்ளை பணிபுரியும் நிறுவனத்தில் அது உண்டா என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு முன்பாக, இன்று மாலை வீடு திரும்பும் பிள்ளையிடம், "இன்றைக்கு உனக்கு என்ன வேலை கொடுத்தார்கள்?" என்று கேளுங்கள்.