வாங்கிய விளையாட்டும் வாங்காத சாவியும்

கோடை விடுமுறையில் ஒரு நாள், சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் பேருந்தில் நமக்கு முன்னிருக்கையில் ஒரு தந்தையும் மகனும் அமர்ந்திருந்தனர். தந்தை மாங்காய் மண்டியில் கணக்கு எழுதுபவர். மகன் கைப்பேசியில் கார்ப் பந்தயம் ஆடிக்கொண்டிருந்தான். வழியில் ஓரிடத்தில் இணையத் தொடர்பு அறுந்தது. பந்தயமும் பாதியில் நின்றது. “காசு கொடுத்து வாங்கியதுதானே அப்பா? நான் தனியாகத்தானே ஆடுகிறேன்?” என்றான் சிறுவன். தந்தையிடம் விடை இல்லை. அந்த விளையாட்டுக்காகத் தம் சேமிப்புக் கணக்கிலிருந்து மாதந்தோறும் ஒரு தொகை கழிவதாக மட்டும் அவர் நம்மிடம் கூறினார்.

சிறுவனின் கேள்வி நியாயமானது. முன்பு விளையாட்டுகள் குறுந்தகடுகளில் வந்தன. வாங்கியவர் விரும்பியபோது ஆடலாம். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு இரவலும் தரலாம். இன்று பல விளையாட்டுகள், வெளியிட்ட நிறுவனத்தின் சர்வரோடு ஓயாமல் தொடர்பில் இருந்தால்தான் இயங்குகின்றன. கள்ளப் பிரதிகளையும் ஆட்டத்தில் நடக்கும் மோசடிகளையும் தடுக்க இது தேவை என்பது நிறுவனங்களின் வாதம். பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டுக்கு அது பொருந்தும். தனியாக ஆடுபவருக்கும் அதே கட்டு ஏன் என்பதே கேள்வி.

2013 மார்ச்சில் ‘சிம்சிட்டி’ என்னும் நகரமைப்பு விளையாட்டு வெளியானபோது சர்வர்கள் நெரிசலைத் தாங்கவில்லை. பணம் செலுத்தியவர்கள் பல நாள்கள் ஆட முடியாமல் தவித்தனர். ஓராண்டு கழித்து, இணையமின்றி ஆடும் வசதியை அதே நிறுவனம் வழங்கியது. 2014இல் வெளிவந்த ‘தி க்ரூ’ என்னும் கார்ப் பந்தய விளையாட்டுக்கு அந்த நல்வாய்ப்பும் அமையவில்லை. 2024 மார்ச் 31 அன்று யூபிசாஃப்ட் நிறுவனம் அதன் சர்வர்களை நிறுத்தியது. அன்று முதல், விலை கொடுத்து வாங்கியவராலும் அதைத் தனியாகக்கூட ஆட முடியவில்லை. இத்தகைய நிகழ்வுகளை எதிர்த்து ஐரோப்பாவில் எழுந்த மக்கள் முறையீட்டில் 2025இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர்.

நம் நாட்டின் அனுபவமும் இதற்கு வெகு தொலைவில் இல்லை. 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு ‘பப்ஜி மொபைல்’ விளையாட்டைத் தடை செய்தது. அக்டோபர் 30 அன்று அதன் சர்வர்கள் இந்தியாவில் நின்றன. அதன் இடத்தில் 2021இல் வந்த ‘பிஜிஎம்ஐ’, 2022 ஜூலையில் விலக்கப்பட்டு 2023 மே மாதத்தில் திரும்பியது. அப்போது 18 வயதுக்குட்பட்டோர் நாளுக்கு 3 மணி நேரமும், மற்றவர்கள் 6 மணி நேரமும் மட்டுமே ஆடலாம் என்ற வரம்பு வந்தது. பிள்ளைகளின் நலன் கருதும் பெற்றோர் இதை வரவேற்பர், நாமும் வரவேற்கிறோம். ஆயினும், எப்போது, எவ்வளவு நேரம் ஆடலாம் என்பதைத் தீர்மானிக்கும் சாவி வாங்கியவரிடம் இல்லை என்பதையும் இதுவே காட்டுகிறது.

திருமலைக்குச் செல்லும் அன்பர்கள் கைப்பேசியைக் காப்பிடத்தில் ஒப்படைத்துச் சீட்டுப் பெறுவர். பொருள் பிறரிடம் இருந்தாலும் அது நம்முடையது. சீட்டைக் காட்டினால் திரும்பக் கிடைக்கும். இணைய விளையாட்டில் நிலைமை நேர்மாறானது. பொருள் நம் கையில் இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் நம்மிடம் இருப்பது வெறும் அனுமதிச் சீட்டு. விற்றவர் அதை எந்த நாளும் செல்லாததாக்கலாம்.

எனவே, பணம் செலுத்துமுன் சிலவற்றைக் கவனிப்பது நன்று. இலவசமாக ஆடிப்பார்க்கும் வாய்ப்பு இருந்தால், கைப்பேசியின் இணையத்தை அணைத்துவிட்டு விளையாட்டு இயங்குகிறதா என்று பாருங்கள். மாதச் சந்தாவுக்கு இசைவு தந்திருந்தால், யூபிஐ செயலியின் ‘ஆட்டோபே’ பகுதியில் அதைக் காணலாம். வேண்டாதபோது அங்கேயே நீக்கலாம். இசைவைப் பதிவு செய்தபின், ரிசர்வ் வங்கி விதிப்படி ரூ.15,000 வரையிலான தொடர் பற்றுகளுக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்கப்படுவதில்லை. ஆனால் 24 மணி நேரத்துக்கு முன்பே அறிவிப்பு வரும். அந்தக் குறுஞ்செய்தியைப் படியாமல் தள்ளிவிடாதீர்கள். யூபிஐ பின் எண்ணைப் பிள்ளைகளிடம் பகிராதீர்கள். பணம் பெற்றுக்கொண்டு சேவை தர மறுத்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

திருப்பதியில் இறங்குமுன் அந்தத் தந்தை கைப்பேசியை வாங்கி, சந்தா எங்கே பதிவாகியிருக்கிறது என்று மகனிடம் கேட்டார். இருவரும் சேர்ந்து தேடத் தொடங்கினர். ஒவ்வொரு வீட்டிலும் அந்தத் தேடல் ஒருமுறையேனும் நடைபெற வேண்டும்.