கரகரப்பின் இலக்கணம்

பழைய இசைத்தட்டைச் சுழலவிட்டால் முதலில் நம் செவிக்கு எட்டுவது பாடகரின் குரலன்று. ஊசி உரசும் கரகரப்பே. அதனைக் குறையெனக் கருதி நீக்க முயன்றோர் பலர். இன்றைய இளைஞரோ அதனையே விரும்பித் தேடுகின்றனர். பழம்பாடலின் ஒரு துண்டை வெட்டியெடுத்துத் தாளக்கட்டில் பொருத்திப் புதிய இசை படைப்பதைச் 'சாம்பிளிங்' என்பர். அதில் முரட்டொலி பிறக்கும் விதத்தை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இஃது அயலார் கலை என்று ஒதுக்குதற்கில்லை. இளையராஜா இசையமைத்த 'ஸ்ரீ ராகவேந்திரர்' படப் பாடலொன்றின் துண்டை அமெரிக்காவின் பிளாக் ஐட் பீஸ் குழுவினர் 2003-இல் எடுத்தாண்டனர். 'தளபதி' (1991) படப் பாடலின் துண்டு, ஈழத்தமிழ் வழிவந்த மாயா அருள்பிரகாசம் தம் தாயின் பெயரால் 2007-இல் வெளியிட்ட 'கலா' தொகுப்பில் ஒலிக்கின்றது.

முரட்டொலிக்குப் பெயர்பெற்ற கருவி, ஈ-மியூ நிறுவனம் 1987-இல் வெளியிட்ட எஸ்.பி.-1200 ஆகும். குறுந்தகடு ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிநிலைகளுள் ஒன்றாகக் குறிக்கும். இக்கருவியோ ஏறத்தாழ 26,000 முறையே அளக்கும். படிநிலைகளும் 4,096 மட்டுமே. தாமிரபரணிக் கரையின் சரிவைப் படித்துறையாக வெட்டுவதாகக் கொள்வோம். படிகள் சிறியனவாயின் கால் சரிவையே உணரும்; பெரியனவாயின் ஒவ்வொரு படியும் இடறும். அவ்விடறலே செவிக்குக் கரகரப்பாகின்றது. அன்றியும், அளக்கும் வேகத்தில் பாதிக்கு மேற்பட்ட அதிர்வுகளை அக்கருவி உள்ளவாறு பதிய இயலாது. வடிகட்டாது விடின் அவை போலியொலிகளாக மடங்கித் திரும்பும்.

அதன் நினைவகமோ பத்து நொடி அளவினதே. ஆதலின் கலைஞர்கள் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுத் தட்டை 45 சுற்றில் ஓட்டிப் பதிந்து, பின்னர்க் கருவிக்குள் வேகத்தைத் தணித்தனர். பத்து நொடியில் பதின்மூன்றரை நொடி இசை அடங்கிற்று. ஒலியும் மேலும் பரபரப்பாயிற்று. சிக்கனத்தின் பொருட்டுக் கண்ட உத்தியே சுவையாக மாறியது எனலாம்.

ஒலிநாடாவின் முரடு வேறு வகையினது. கேசட் நாடா நொடிக்கு 4.76 செ.மீ. மட்டுமே நகர்கின்றது, அகலமோ நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவு. அக்குறுகிய இடத்தில் காந்தத் துகள்கள் சிலவே அடங்குதலால் இரைச்சல் எழும். அளவை மிகுத்துப் பதிந்தால் ஒலியலையின் முகடுகள் மழுங்கித் தடிப்பேறும். ஆகவே முதலில் நாடாவில் பதிந்து, பின்னர்க் கணினியில் படிநிலைகளைக் குறைத்து, இறுதியில் வடிகட்டியால் கூர்மையைத் தணித்தல் நன்று. கரகரப்பைத் தனியே வாங்கி மேலே பரப்புவது, சமைத்த பின் தூவிய உப்புப் போல ஒட்டாது நிற்கும் என்பது நம் கருத்து.

பாடலை எடுத்தாளுவோர் சட்டத்தையும் அறிதல் வேண்டும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியீட்டிற்குப் பின் 60 ஆண்டுகளும், சொல்லுக்கும் இசைக்கும் ஆசிரியரின் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டுகளும் உரிமை உண்டு.

இனி நாம் பட்ட பிழை ஒன்று. மேலப்பாளையத்து மாணவர் ஒருவர், சஹர் நேரத்தில் தாயிரா இசைத்துப் பாடிய தம் பாட்டனாரின் கேசட்டைக் கொணர்ந்தார். நாம் ஆர்வ மிகுதியால் அதனை நேரே முரட்டொலியாகவே பதிந்தோம். மறுமுறை ஓட்டுகையில் நாடா அறுந்து சிதைந்தது. எஞ்சியதைக் கேட்ட அவர் தந்தையார், "வாப்பா குரல் இருக்கு தம்பி, அந்த விரல் சத்தத்தைக் காணலையே" என்றார். தோலில் விரல்நுனி படும் மெல்லோசையைப் பெரிய படிகள் விழுங்கிவிட்டன.

அன்று முதல், எந்த நாடாவையும் முதலில் 24 பிட் அளவில் தூயதாகப் பதிந்து, இரண்டு இடங்களில் காத்த பின்னரே, படியெடுத்த ஒன்றில் கைவைக்கின்றோம். அம்மாணவரின் உறவினர் வீட்டில் அதே பாடலின் வேறொரு கேசட் இருப்பதாகச் செய்தி வந்துள்ளது.