சுவரில் ஈரம், கையில் 14 நாள்

பட்டம் பெற்று வேலைக்குச் சென்றுவிட்ட தம்பி தங்கையர் பலர் இப்போது வீடு பார்க்கத் தொடங்கியிருப்பீர்கள். கிள்ளானில் ஒரு பழைய இரட்டை மாடி வரிசை வீட்டை வாங்கப் போய் நான் பட்ட பாட்டை உங்களுக்காக எழுதுகிறேன்.

புதிய வீடென்றால் மேம்பாட்டாளர் 24 மாதங்களுக்குப் பழுதுகளைச் சரிசெய்து தரவேண்டும். கைமாறி வரும் பழைய வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. உள்ளது உள்ளபடியே வாங்குகிறோம். விலை 400,000 ரிங்கிட். வழக்கம்போல் 2 விழுக்காடு, அதாவது 8,000 ரிங்கிட், முன்பணம் கட்டினேன். 14 நாள்களுக்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு மேலும் 8 விழுக்காடு கட்டவேண்டும். பின்வாங்கினால் முன்பணம் போய்விடும். வீட்டைச் சோதிக்க ஆளை அழைத்ததோ அதற்குப் பிறகுதான்! ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அம்மா சொன்னதை என்னால் மறுக்க முடியவில்லை.

சோதனை அறிக்கை மூன்று இடங்களில் ஈரம் என்றது: முன்சுவரின் அடிப்பகுதி, மாடிப் படுக்கையறைச் சுவர், சமையலறையின் உட்கூரை. பார்க்க வந்த குத்தகையாளர் ஒருவர், சுவரெங்கும் துளையிட்டு மருந்து செலுத்த வேண்டும், 15,000 ரிங்கிட் ஆகும் என்று ஐந்தே நிமிடத்தில் சொல்லிவிட்டார். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

கட்டடப் பொறியியல் படித்த நம் கழகத்து அண்ணன் ஒருவரை அழைத்துச் சென்றேன். அறிக்கையிலிருந்த எண்களைப் பார்த்ததும் சிரித்தார். இரண்டு ஊசிகள் கொண்ட அந்த ஈரமானி தண்ணீரை நேராக அளப்பதில்லை. ஊசிகளுக்கிடையே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதையே அளக்கிறது. அதன் விழுக்காட்டுக் கணக்கு மரத்துக்காக வகுக்கப்பட்டது. சுவர்ப்பூச்சில் உப்பு படிந்திருந்தால், ஈரம் குறைவாக இருந்தாலும் எண் ஏறிவிடும். எங்கே தேடவேண்டும் என்பதை அது காட்டும். ஈரம் எப்படி வந்தது என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முன்சுவருக்கு வெளியே, வீட்டின் உள்தரையைவிட உயரமாக மண் நிரப்பிப் பூச்செடி வைத்திருந்தார்கள். மழைநீர் மண்ணில் தங்கிச் செங்கல் வழியே உள்ளே ஊறியிருக்கிறது. "தம்பி, இதற்கு மருந்து மண்வெட்டிதான்," என்றார் அண்ணன். மாடியில், சுவருக்குள் ஓடிய ஏர்கோன் வடிகுழாய் அடைபட்டிருந்தது. அதுவும் சிறு செலவுதான்.

சமையலறைதான் உண்மையான சிக்கல். அதற்கு நேர் மேலே குளியலறை. எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு நீர்மானியைக் கவனித்தோம், அசையவில்லை. ஆக, தண்ணீர் வரும் குழாயில் கசிவில்லை. வீடு காலியாக இருந்ததால், உரிமையாளரின் அனுமதியோடு குளியலறை வடிகாலை அடைத்துத் தரையில் ஒரு நாள் முழுக்க நீர் தேக்கினோம். மறுநாள் கீழே கறை விரிந்திருந்தது. தரைக்கல்லுக்கு அடியிலுள்ள நீர்த்தடுப்புப் பூச்சு கெட்டுப்போயிருந்தது. கற்களைப் பெயர்த்துப் புதிதாகப் பூச 6,500 ரிங்கிட் என்று எழுத்தில் விலை வாங்கினேன்.

பதினோராம் நாள், புகைப்படங்களோடும் அந்த விலைப்பட்டியலோடும் முகவர் வழியாக உரிமையாளரைச் சந்தித்தேன். பெரியவர் முதலில் முகங்கொடுக்கவில்லை. முன்சுவரையும் மாடியையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை என்பதைக் கண்ட பிறகு இறங்கிவந்தார். 5,000 ரிங்கிட் குறைத்தார். குறைந்த விலையையே ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னேன். வாய்ப்பேச்சு நீதிமன்றத்தில் நிற்காது என்று வழக்கறிஞர் எச்சரித்திருந்தார்.

வீடு கைக்கு வந்ததும் மண்ணை வெட்டியெடுத்து, உப்புப் பூத்த பூச்சைச் சுரண்டிவிட்டோம். செங்கல் காய மாதக்கணக்காகும். அதற்குள் சாயம் பூசினால் மீண்டும் உரிந்துவிடும். பால் காய்ச்சிய அன்று வந்த உறவினர் அனைவரும் புதிய குளியலறையை விட்டுவிட்டு அந்த மொட்டைச் சுவரைத்தான் பார்த்தார்கள்.