ஈரக் கொழுந்தில் எத்தனை கிராம் தண்ணீர்?

மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருக்கும் ஒரு பிற்பகல். மலையிலிருந்து இறங்கிய பெண்கள் கொழுந்து மடுவத்தில் வரிசையாக நிற்கிறார்கள். சாக்கு தராசில் தொங்குகிறது. கணக்குப்பிள்ளை ஓர் எண்ணைச் சொல்கிறார். எழுதும்போது அதில் இரண்டோ மூன்றோ கிலோவைக் குறைத்துக்கொள்கிறார். கேட்டால் சாக்கு எடை, மழைத் தண்ணீர் என்பார். பதுளை மாவட்டத் தோட்டங்களில் வளர்ந்த எவருக்கும் இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. கழிவின் அளவு தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். அன்றைக்கு முழுப்பேர், அதாவது முழு நாள் கூலி, விழுமா, அரைப்பேரோடு போகுமா என்பதைச் சில நாட்களில் அந்த இரண்டு கிலோதான் தீர்மானிக்கிறது.

இந்தத் தகராறுக்குள் ஒரு பௌதிகவியல் கேள்வி ஒளிந்திருக்கிறது. நனைந்த ஒரு கிலோ கொழுந்தின்மேல் ஒட்டியிருக்கும் தண்ணீர் எத்தனை கிராம்? சரியாக அளந்து சொல்ல ஒரு தராசு, ஒரு கடிகாரம், கொஞ்சம் புள்ளிவிபரவியல், நிறையப் பொறுமை போதும். பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் விஞ்ஞானம் படிக்கும் ஒருவரால் செய்ய முடிந்த வேலை. பதுளை நகரை ஒட்டி, பசறை வீதியிலேயே அப்படிப்பட்ட மாணவர்கள் இருக்கிறார்கள்.

ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் 2005இல் தொடங்கப்பட்டது. நாட்டின் இயற்கை வளங்களுக்குப் பெறுமதி சேர்ப்பதே அதன் நோக்கம் என்று ஆரம்பத்திலேயே அறிவித்துக்கொண்ட நிறுவனம் அது. தேயிலைத் தொழில்நுட்பமும் பெறுமதி சேர்த்தலும், ஏற்றுமதி விவசாயம், விலங்கு விஞ்ஞானம், கனியவளத் தொழில்நுட்பம் என்று அதன் பாடநெறிகளின் பெயர்களே சுற்றியுள்ள மலைகளைச் சுட்டிக்காட்டுகின்றன. தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் ஊவா கிளையும் பசறையில்தான் இருக்கிறது. ஆகவே ஊவாவில் விஞ்ஞானக் கல்விக்குக் களம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வகுப்பறையிலிருந்து அந்தக் களத்துக்கு எப்படிப் போவது என்பதுதான் பேச வேண்டிய விடயம்.

முதலில், வழக்கமான செய்முறை வகுப்பு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். இலங்கையென்று இல்லை, தெற்காசியா முழுவதிலும் பெரும்பாலும் ஒரே கதைதான். செய்முறைக் கையேட்டில் படிகள் வரிசையாக அச்சாகியிருக்கும். எளிய ஊசலை ஆட்டி ஈர்வை ஆர்முடுகலைக் காண வேண்டும். விடை 9.8 என்பது ஆய்வுகூடத்துக்குள் நுழையும் முன்பே எல்லோருக்கும் தெரியும். 9.3 வந்துவிட்டால் என்ன செய்வது? நம்மில் பலர் செய்ததையே இன்றைய மாணவரும் செய்கிறார்: ஓரிரண்டு வாசிப்புகளை 'சரிசெய்து' 9.79 என்று எழுதிப் புள்ளி வாங்கிக்கொள்கிறார். அந்த 9.3 ஏன் வந்தது என்ற கேள்விதான் அன்றைய பாடத்திலேயே விஞ்ஞானம் இருந்த ஒரே இடம். அதை அழித்தால்தான் புள்ளி கிடைக்கும் என்று நாமே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறோம்.

இதற்கு மாற்றாகப் பேசப்படுவதுதான் செயற்றிட்டக் கல்வி. மாணவர்கள் சிறு குழுவாகச் சேர்ந்து, விடை முன்கூட்டித் தெரியாத ஒரு கேள்வியை எடுத்து, வாரக்கணக்கில் அதன் பின்னால் போவது. டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகம் 1974இல் தொடங்கியதிலிருந்தே பட்டப்படிப்பின் பெரும்பகுதியை இப்படித்தான் நடத்திவருகிறது.

இதனால் பலன் உண்டா என்ற சந்தேகம் நியாயமானது. விரிவுரையின்போது மாணவரைப் பேசவும் செய்யவும் வைக்கும் முறைகளைப் பற்றிய இரண்டு ஆய்வுகள் இங்கே உதவும். 1998இல் ரிச்சர்ட் ஹேக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 62 பாடநெறிகளில் பௌதிகவியல் படித்த 6,542 மாணவர்களின் முன், பின் தேர்வுகளை ஒப்பிட்டார். பாடம் தொடங்கும்போது தெரியாதிருந்தவற்றில் எத்தனை பங்கை மாணவர் பிடித்துக்கொண்டார் என்பதுதான் அவரது அளவுகோல். வெறும் விரிவுரை வகுப்புகளில் அது சராசரியாக 0.23. மாணவர் ஈடுபட்டுப் படித்த வகுப்புகளில் 0.48. அடுத்து 2014இல் ஸ்கொட் ஃபிரீமனும் அவரது குழுவினரும் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டும் கேட்டவர்களில் 33.8 சதவீதத்தினர் சித்தியடையவில்லை. செயல்முறையில் கற்றவர்களில் அது 21.8 சதவீதம். இவை எல்லாவகைச் செயல்முறைக் கற்றலுக்குமான எண்கள், செயற்றிட்டங்களுக்கு மட்டும் உரியவை அல்ல. என்றாலும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது விளங்குகிறது.

இலங்கையிலும் இது புதிய பேச்சு அல்ல. உலக வங்கிக் கடனில் 2003இலிருந்து மூன்று பெரிய உயர்கல்வித் திட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. பட்டப்படிப்பின் பொருத்தத்தையும் தரத்தையும் உயர்த்துவதற்கென்று முதலாவது, 2010இல் இரண்டாவது, 2017இல் பத்துக் கோடி டொலருடன் மூன்றாவது. பீடங்களும் துறைகளும் முன்மொழிவு எழுதி, போட்டியிட்டு நிதி பெறும் முறை இவற்றோடு வேரூன்றியது. கற்பித்தலையும் மதிப்பீட்டையும் செழுமைப்படுத்த என்றே தனி மானியங்கள் இருந்தன. பயன் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மானியக் காசில் வாங்குவதற்குச் சுலபமானது கருவி. மாற்றுவதற்குக் கடினமானது கேள்வித்தாள். கருவி வந்துவிட்டால் படம் எடுத்து அறிக்கையில் போடலாம். கேள்வித்தாள் மாறியதைப் படம் எடுக்க முடியாது.

சரி, கொழுந்து மடுவத்துக்குத் திரும்புவோம். ஈரக் கொழுந்துச் செயற்றிட்டத்தை உண்மையிலேயே செய்யப்போனால் என்ன நடக்கும்?

நனைந்த இலையை நிறுத்து, துடைத்து, மறுபடி நிறுத்தால் தீர்ந்தது என்றுதான் முதலில் தோன்றும். தீராது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் சேர்ந்த கொழுந்தின் மடிப்புகளில் தண்ணீர் தங்கும். அழுத்தித் துடைத்தால் இலை கசங்கிச் சாறு வரும். அப்போது துணியில் ஏறியது மழைத்தண்ணீரா, இலையின் தண்ணீரா? கொழுந்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் அதன் சொந்தத் தண்ணீர் என்பதால் இந்தக் குழப்பம் சிறியதல்ல.

இங்கேதான் பௌதிகவியல் கைகொடுக்கிறது. நனைந்த கொழுந்தைத் தட்டில் பரப்பி, மெல்லிய காற்று படும்படி வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்து வரைபு கீற வேண்டும். மேலே ஒட்டிய தண்ணீர் ஆவியாகும்வரை எடை ஏறத்தாழ ஒரே வேகத்தில் இறங்கும். அது தீர்ந்ததும் இலைக்குள்ளிருந்து தண்ணீர் வெளியேற வேண்டும். அது மெதுவாகத்தான் வரும், ஆகவே கோடு வளைந்து படுக்கத் தொடங்கும். வளைவு தொடங்கும் இடத்தைப் பிடித்தால் மேல் தண்ணீரின் அளவு கையில் வந்துவிடும். தேயிலை ஸ்டோரில் வாட்டல் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பவர்களுக்கு இந்த வளைவு கைப்பழக்கமாகத் தெரியும். மாணவருக்கு அது உலர்த்தல் பற்றிய ஒரு முழு அத்தியாயம்.

அடுத்தது சாக்கு. உலர்ந்த சாக்குக்கு ஒரு எடை, மழையில் ஊறிய சாக்குக்கு வேறு எடை. ஆக 'கழிவு' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் சாக்கின் எடை, சாக்கு குடித்த தண்ணீர், இலைமேல் ஒட்டிய தண்ணீர் என்று மூன்று சங்கதிகள் இருக்கின்றன. மூன்றையும் தனித்தனியாக அளக்க வேண்டும். தராசையும் சும்மா நம்ப முடியாது. தெரிந்த நிறையைத் தொங்கவிட்டுச் சரிபார்க்க வேண்டும். எத்தனை மாதிரி எடுப்பது? பத்து மாதிரிக்குப் பதில் நாற்பது எடுத்தால் சராசரியின் வழு பாதியாகும், நான்கில் ஒன்றாகாது. ஏன் என்று புள்ளிவிபரவியல் விரிவுரையில் கரும்பலகையில் பார்த்தபோது புரியாதவருக்கு, நாற்பது தட்டுக் கொழுந்தை நிறுத்த பிறகு புரியும்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அது எந்தக் கையேட்டிலும் இல்லை. தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்க வேண்டும். பெண்களிடமும் கேட்க வேண்டும். கிலோக் கணக்கில் கூலி பெறுகிறவரை வரிசையில் காக்க வைத்து மாதிரி எடுப்பது அநியாயம். விடை யாருக்குச் சாதகமாக வரும் என்பதும் தெரியாது. மழை நாளில் கழிக்கப்படும் அளவு நியாயமானதுதான் என்று கூட வரலாம். அதைத் தொழிலாளரிடம் போய்ச் சொல்லும் நெஞ்சுரமும், எதிராக வந்தால் துரையிடம் சொல்லும் நெஞ்சுரமும் மாணவருக்கு வேண்டும். 9.3ஐ 9.79 ஆக்கும் பழக்கத்தோடு வந்தவருக்கு இது கடினமான இடம்.

இன்னொரு கேள்வியும் ஊவாவில் காத்திருக்கிறது. அதன் பாரம் வேறு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து தொழிலாளர் குடியிருந்த லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு மழை அளவையே அடிப்படையாகக் கொள்கிறது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 தாண்டினால் ஆயத்தம், 150 தாண்டினால் வெளியேற்றம். ஆனால் மலைநாட்டில் ஒரு பள்ளத்தாக்கில் கொட்டும் மழை அடுத்த பள்ளத்தாக்கில் தூறலாக இருக்கும். நகரத்து மழைமானி சொல்வது பத்தாம் நம்பர் லயத்துக்குப் பொருந்தாது. அந்த லயத்தில் பெய்த மழை எவ்வளவு என்பதுதான் கேள்வி.

பக்கங்கள் நேரான ஒரு பிளாஸ்டிக் போத்தலை வெட்டி, கழுத்தைத் தலைகீழாகச் செருகி, அளவுகோல் ஒட்டினால் மழைமானி தயார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே செய்யும். பல்கலைக்கழகத்துக்குரிய வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. போத்தல் மானியின் வாசிப்பு தரமான மானியிலிருந்து எவ்வளவு விலகுகிறது? காற்றடித்தால் எத்தனை துளி தப்புகிறது? ஒரே தோட்டத்தின் மேற்பிரிவிலும் கீழ்ப்பிரிவிலும் ஒரே நாளில் எவ்வளவு வித்தியாசம்? 75 மில்லிமீற்றர் என்பது சும்மா ஓர் எண்ணாகத் தெரியும். ஒரு ஹெக்டேயருக்குக் கணக்குப் போட்டால் 750 தொன் தண்ணீர். அத்தனையும் சரிவில் நிற்கும் மண்ணுக்குள் இறங்கினால் மண்ணின் பிடிமானம் என்னவாகும் என்பதில் மண்ணியலும் பொறியியலும் சேர்ந்துவிடுகின்றன. பத்து லயங்களில் பத்துப் பிள்ளைகள் காலை எட்டரைக்கு வாசித்து அனுப்பும் எண்களை ஒழுங்குபடுத்துவது கணினி மாணவருக்கான வேலை.

இதில் மொழியின் பங்கைப் பேசாமல் நகர முடியாது. ஊவா வெல்லஸ்ஸவில் படிப்பு ஆங்கிலத்தில். வரும் மாணவர் உயர்தரம் வரை தமிழிலோ சிங்களத்திலோ படித்தவர். தோட்டப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு அரிது, தமிழில் பௌதிகவியலும் இரசாயனவியலும் கற்பிக்க ஆசிரியர் இல்லாமை பழைய நோய். அனுமதியில் பதுளை பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருந்தும், லயத்திலிருந்து விஞ்ஞானபீடம் வரை நடந்து வருபவர்கள் சிலர்தான். வந்த பிறகு முதல் வருடம் முழுவதும் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டு. விரிவுரை மண்டபத்தில் கடைசி வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளையைத்தான் மடுவத்துக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும். பேர், கழிவு, மட்டக்கம்பு, கவ்வாத்து, வாட்டல் என்ற சொற்களெல்லாம் அவளுக்கு வீட்டுச் சொற்கள். கொழும்பிலிருந்தோ குருநாகலையிலிருந்தோ வந்த சக மாணவர் அவளிடம் கேட்டுத்தான் குறிப்பெடுக்க வேண்டியிருக்கும். குழுவில் யார் யாருக்குத் தேவை என்ற கணக்கு அன்றைக்கு மாறிவிடும்.

தமிழில் மேல்மட்ட விஞ்ஞானம் முடியாது என்று சொல்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், 1860களில் மானிப்பாயில் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். பாடநூல்களையும் தமிழில் ஆக்கினார். நான் ஆங்கிலத்தைக் கைவிடச் சொல்லவில்லை. ஆய்வறிக்கை ஆங்கிலத்தில் இருக்கட்டும். குழுவுக்குள் நடக்கும் வாதம் எந்த மொழியில் சூடாக வருகிறதோ அந்த மொழியில் நடக்கட்டும்.

கடைசியாகப் புள்ளி. மாணவர் எதற்குப் புள்ளி கிடைக்குமோ அதைத்தான் செய்வார். குறை சொல்ல முடியாது. இலங்கைத் தகைமைக் கட்டமைப்பின்படி ஒரு திறமைப் புள்ளிக்கு (கிரெடிட்) 50 மணி நேரக் கற்றல் கணக்கு. இரண்டு திறமைப் புள்ளிகளை இப்படியொரு செயற்றிட்டத்துக்கு ஒதுக்கினால் நூறு மணி நேரம். அதில் தவறிப்போன முயற்சிக்கும் இடம் வேண்டும். நாள்தோறும் எழுதிய குறிப்புப் புத்தகம், அதில் வெட்டப்படாமல் இருக்கும் தவறான வாசிப்பு, 'இந்த மாதிரி கெட்டுப்போனது, காரணம் இது' என்ற வரி, இவற்றுக்குப் புள்ளி போட வேண்டும். விரிவுரையாளருக்கும் இதனால் வேலை கூடும். முப்பது ஒரே மாதிரி அறிக்கைகளைத் திருத்துவது சுலபம். ஆறு குழுக்களின் ஆறு வேறு கேள்விகளைப் பின்தொடர்வது அப்படியல்ல. அவரது பதவி உயர்வில் கற்பித்தலுக்கு உரிய நிறை கிடைக்காதவரை, இதை விரும்பிச் செய்பவர்கள் ஒரு கைவிரல் எண்ணிக்கையைத் தாண்டமாட்டார்கள்.

அறிக்கை நூலகத்தில் தூசி படியப் போவதற்கு முன் அதன் ஒரு பக்கச் சுருக்கம் தமிழிலும் சிங்களத்திலும் மடுவத்துச் சுவரில் ஒட்டப்பட வேண்டும் என்பதையும் நிபந்தனையாக வைக்கலாம். ஒரு கிலோ ஈரக் கொழுந்தில் இத்தனை கிராம் தண்ணீர், இத்தனை கிராம் கூடலாம் அல்லது குறையலாம் என்று அதில் எழுதியிருக்கும். 'கூடலாம் குறையலாம்னா என்னா கண்ணு, அது எங்க பக்கமா அவுக பக்கமா?' என்று வரிசையில் நிற்கும் ஒரு பெரியம்மா கேட்பார். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தால் வாய்மொழித் தேர்வு அங்கேயே முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஊவாவுக்குப் பலத்த மழை ஐப்பசியில்தான். தராசைச் சரிபார்க்கவும், சாக்குகளை உலர்த்தி நிறுக்கவும் அதற்கு முன்பே தொடங்கிவிட வேண்டும்.