51 ஓட்டு... 33 மாதம்! தேர்தல் முடிவில் சந்தேகம் வந்தால் என்ன வழி?

தேர்தல் முடிந்த மறுநாள் காலையில் டீக்கடைப் பக்கம் போனால் போதும். "நம்ம தெருவுல இருக்குற ஓட்டெல்லாம் எங்க போச்சு?" என்று யாராவது ஒருவர் கணக்குக் கேட்டுக்கொண்டிருப்பார். தோற்றவர்களின் புலம்பல் என்று பலரும் சிரித்துவிட்டுப் போவார்கள். ஆனால், அந்தக் கணக்கு சரியாகவே இருந்த கதைகளும் உண்டு.

ஒரகடம் அருகே இருக்கும் வடக்குப்பட்டு போன்ற கிராமங்களில் இந்தப் பேச்சு இன்னும் சூடாக இருக்கும். சுற்றிலும் தொழிற்சாலைகள். வீட்டு வரி, தொழில் வரி வசூலிப்பது ஊராட்சிதான். அதனால், தலைவர் நாற்காலிக்கு மவுசு அதிகம். ஆனால் மொத்த ஓட்டோ கொஞ்சம்தான். ஒரு கட்டு இடம் மாறினாலே முடிவு மாறிவிடும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் வாக்குச்சீட்டுதான். தலைவருக்கு பிங்க், ஒன்றிய கவுன்சிலருக்கு பச்சை, மாவட்ட கவுன்சிலருக்கு மஞ்சள் என எல்லாம் பிரித்து, 12-ம் தேதி எண்ணினார்கள்.

எண்ணிக்கையில் ஒரு சின்னத் தவறு நடந்தால் என்ன ஆகும்? ஹரியானா மாநிலம், பானிபட் மாவட்டத்தில் இருக்கும் புவானா லாக்கு கிராமத்தைக் கேளுங்கள். 2022 நவம்பர் 2-ம் தேதி அங்கே ஊராட்சித் தலைவர் தேர்தல். குல்தீப் சிங் ஜெயித்ததாக அறிவிப்பு வந்தது. எதிர்த்து நின்ற மோஹித் குமார் அதை ஏற்கவில்லை. 69-ம் எண் பூத்தில் ஓட்டுக்கணக்கு தவறு என்பது அவர் வாதம். வழக்கு கீழ் நீதிமன்றம், உயர் நீதிமன்றம் என ஏறி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இயந்திரங்களை டெல்லிக்கே வரவழைத்து, 2025 ஆகஸ்ட்டில் நீதிமன்றப் பதிவாளர் முன்னிலையில் எல்லா பூத் ஓட்டுகளையும் எண்ணினார்கள். மோஹித் 1,051, குல்தீப் 1,000! ஒரு கிராமத் தலைவர் பதவிக்காக உச்ச நீதிமன்றத்திலேயே ஓட்டு எண்ணியதை வேறெங்கே பார்க்க முடியும்?

நம்ம ஊர் ராதாபுரத்துக்கு இந்த அதிர்ஷ்டம்கூட இல்லை. 2016 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க-வின் இன்பதுரை 69,590, தி.மு.க-வின் அப்பாவு 69,541. வித்தியாசம் 49 ஓட்டு. ஆனால், சான்றொப்பம் போட்ட தலைமையாசிரியர்களுக்கு அந்த அதிகாரம் இல்லை என்று சொல்லி 203 தபால் ஓட்டுகளை ஒதுக்கியிருந்தார்கள். அதிகாரம் உண்டு என்ற சென்னை உயர் நீதிமன்றம், தபால் ஓட்டுகளையும் 19, 20, 21-வது சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது. 2019 அக்டோபர் 4-ம் தேதி எண்ணியும் விட்டார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. ஐந்து வருடமும் இன்பதுரையே எம்.எல்.ஏ. எண்ணி வைத்த எண், பதவிக்காலம் முடியும் வரை வெளியே வரவில்லை. அப்பாவு 2021-ல் அதே தொகுதியில் நின்று ஜெயித்து, சபாநாயகரும் ஆனார்.

அப்படியென்றால் சந்தேகத்தை எப்போது கிளப்ப வேண்டும்? மறுநாள் டீக்கடையில் அல்ல, எண்ணும் மேஜையிலேயே. மொத்த ஓட்டு விவரத்தைச் சொன்னதும், முடிவில் அதிகாரி கையெழுத்துப் போடுவதற்கு முன்பு, வேட்பாளரோ ஏஜென்ட்டோ மறு எண்ணிக்கை கேட்டு எழுதிக் கொடுக்கலாம். காரணம் சொல்ல வேண்டும். அதிகாரி மறுத்தால், அவரும் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். கையெழுத்து விழுந்துவிட்டால் அவர் கையிலும் ஒன்றுமில்லை. சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல் என்றால் ஏஜென்ட் கையில் 17-சி படிவம் இருக்க வேண்டும். ஒரு பூத்தில் மொத்தம் எத்தனை ஓட்டு பதிவானது என்பதற்கு அதுதான் சாட்சி. பூத் முடிந்ததும் பிரியாணி சாப்பிடக் கிளம்பும் ஏஜென்ட்டுகள் வாங்க மறப்பதும் இதைத்தான்!

அதன்பிறகு கோர்ட் ஒன்றுதான் வழி, அதற்கும் 45 நாள் கெடு. எம்.எல்.ஏ., எம்.பி தேர்தலுக்கு உயர் நீதிமன்றம், ஊராட்சித் தேர்தலுக்கு மாவட்ட நீதிமன்றம். எம்.எல்.ஏ., எம்.பி வழக்குகளை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். ராதாபுரத்தில் உயர் நீதிமன்ற உத்தரவு வரவே மூன்று வருடத்துக்கு மேல் ஆனது.