மருந்தும் அனுபானமும்

சித்த மருத்துவ நூல்களில் அடிக்கடி வரும் சொற்களுள் ஒன்று 'அனுபானம்' என்பது. மருந்தோடு சேர்த்தோ, மருந்தை அடுத்தோ உட்கொள்ளும் தேன், நெய், பால், வெந்நீர் முதலியவற்றுக்கு இப்பெயர் வழங்கும். துணைமருந்து என்றும் இதனைக் கூறுவர். ஒரே செந்தூரம் ஒரு நோய்க்குத் தேனிலும் பிறிதொரு நோய்க்கு நெய்யிலும் கொடுக்கப்படுவதுண்டு. மருந்தின் பெயரைச் சொன்ன அளவில் பழைய வைத்தியர் நின்றுவிடுவதில்லை. எதனோடு, எவ்வேளையில், எத்தனை நாள் என்பவற்றையும் சொல்லியே அனுப்புவார்.

இன்றைய மருந்தியல் வேறொரு வழியே சென்று இதனை ஒட்டிய ஓர் உண்மைக்கு வந்திருக்கிறது. வாயில் இட்ட மருந்து முழுவதும் உடலில் சேர்வதில்லை. எவ்வளவு சேரும் என்பது, அதனுடன் வயிற்றுக்குள் செல்வதையும் பொறுத்தது. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. அதனைக் காணுமுன், மாத்திரை செல்லும் வழியை அறிதல் வேண்டும்.

மாத்திரை செல்லும் வழி

விழுங்கிய மாத்திரை உணவுக்குழாய் வழியே இரைப்பையை அடைந்து, அங்குள்ள நீர்மத்தில் உடைந்து கரையத் தொடங்குகிறது. கரைந்த மருந்து சிறுகுடலுக்குள் இறங்குகிறது. சிறுகுடலின் உட்சுவரெங்கும் விரல்போன்ற நுண்ணிய குடலுறிஞ்சிகள் நிறைந்திருக்கின்றன. அவற்றைக் கடந்து குருதியில் கலந்தால்தான் மருந்து உடலில் சேர்ந்ததாகும். குடலுக்குள் கரையாது நின்ற மருந்து, வயிற்றில் இருந்தும் உடலில் சேராத பொருளே. அது வந்த வழியே போலக் கீழ்வழியாய்க் கழிந்துவிடும்.

குடலில் மருந்தை ஏற்ற குருதி முதலில் கல்லீரலுக்குச் செல்கிறது. கல்லீரலைச் சுங்கச் சாவடி எனலாம். சில மருந்துகளின் பெரும்பகுதியை அது அங்கேயே மாற்றிச் சிதைத்துவிடும். எஞ்சியதே பிற உறுப்புகளுக்குப் போகும். நெஞ்சடைப்பு வலிக்குரிய நைட்ரோகிளிசரின் மாத்திரையை விழுங்காமல் நாவின்கீழ் வைக்கச் சொல்வது இதனாலேயே. அங்கிருந்து அது கல்லீரலுக்கு முன்னரே பொதுக் குருதியோட்டத்தில் கலந்துவிடுகிறது. நீரிழிவு நோயாளர்க்குரிய இன்சுலினோ ஒரு புரதம். வாய்வழி கொடுத்தால் உண்ட பருப்பைப்போல் அதுவும் செரிக்கப்பட்டுப் பயனற்றுப் போகும். ஆதலின் அதனைத் தோலின்கீழ் ஊசியால் செலுத்துகின்றனர். ஈளை நோய்க்குரிய மருந்தை மூச்சோடு உள்ளிழுக்கச் செய்வது, நோயுள்ள இடத்திலேயே அதனைச் சேர்ப்பதற்காகும்.

ஊசிதான் மருந்தா?

'ஊசி போட்டால்தான் காய்ச்சல் இறங்கும்' என்னும் எண்ணம் தோட்ட மக்களிடையே நெடுங்காலமாக உண்டு. அது காரணமற்றதன்று. முதலில் பரவலாக வந்த பெனிசிலின் இரைப்பையின் அமிலத்தில் சிதைவது. அதனை ஊசிவழியே செலுத்த வேண்டியிருந்தது. ஆயினும் வாய்வழி மருந்தின் ஆற்றலுக்கு மலாயாவிலேயே வரலாற்றுச் சான்று இருக்கிறது. சிற்றுண்ணி போன்ற நுண்பூச்சி கடிப்பதால் வரும் ஸ்கிரப் டைபஸ் என்னும் காய்ச்சல், லாலாங் புல் மண்டிய நிலங்களிலும் தோட்டங்களிலும் நடமாடுவோரை வருத்திவந்தது. 1948இல் ஜோசப் சுமாடெல் என்னும் அமெரிக்க அறிஞரும் அவர் குழுவினரும் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து, குளோராம்பெனிக்கால் என்னும் மருந்தை இந்நோயாளர்க்கு வாய்வழி கொடுத்துச் சோதித்தனர். சில நாட்களில் காய்ச்சல் தணிந்தது. குடற்காய்ச்சலாகிய டைபாய்டுக்கும் அது மருந்தாகும் என்பது அச்சோதனைகளின்போதே வெளிப்பட்டது. எலும்பு மச்சையை அரிதாகக் கெடுக்கும் தீமை பின்னர் அறியப்பட்டமையால், அம்மருந்தின் ஆட்சி இன்று குறைந்துவிட்டது. ஆயினும் அது காட்டிய உண்மை குறையவில்லை. ஊசி உயர்ந்தது, மாத்திரை தாழ்ந்தது என்பதில்லை. ஒவ்வொரு மருந்துக்கும் அதற்குரிய வாயில் உண்டு.

மைக்கூடும் இரைப்பையும்

1929இல் ஜே. ஏ. ரசல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவிய காலந்தொட்டுக் கேமரன் மலையில் தேயிலை வாழ்வு தொடர்ந்து வருகிறது. குளிர் மிகுந்த அம்மலையில் விடியற்காலையில் ஒரு குவளை, வேலைக்காட்டில் ஒரு குவளை, உணவோடு ஒரு குவளை என்று தேத்தண்ணீர் அருந்துவது இயல்பே. அதே இல்லங்களில் கருவுற்ற தாய்மார்க்கும் குருதிச்சோகை உள்ளோர்க்கும் மருத்துவ நிலையத்தில் இரும்பு மாத்திரை கொடுக்கப்படுகிறது. கையிலுள்ள தேத்தண்ணீரைக் கொண்டே மாத்திரையை விழுங்குவது எளிதாகத் தோன்றும். அவ்வாறு விழுங்கினால் நிகழ்வது யாது?

இதற்கு விடை கூறத் தமிழாசிரியர்க்கு மருத்துவ நூல் வேண்டா; பழைய திண்ணைப் பள்ளியின் மைக்கூடு போதும். கடுக்காயை ஊறவைத்த நீரில் அன்னபேதியைக் கலந்து அந்நாளில் மை கூட்டினர். அன்னபேதி என்பது இரும்புச் சல்பேட்டு. கடுக்காயின் துவர்ப்புக்குக் காரணமான டானின் என்னும் பொருள் இரும்போடு சேர்ந்து கருநிறக் கூட்டுப்பொருளாகிறது. அதுவே மையின் கருமை. தேயிலையின் துவர்ப்புக்கும் டானின் இனப் பொருள்களே காரணம். சித்த மருத்துவத்தில் சோகைக்கு வழங்கும் அன்னபேதிச் செந்தூரம், தன் பெயரிலேயே அதே அன்னபேதியைத் தாங்கி நிற்பது. மருத்துவ நிலையத்தார் தரும் இரும்பு மாத்திரைகளுள் ஒருவகையும் இரும்புச் சல்பேட்டே. ஆகவே, அம்மாத்திரையைத் தேத்தண்ணீரோடு விழுங்குபவர் தம் வயிற்றுக்குள் ஓரளவு மை கூட்டுகிறார் எனலாம். அந்த மையில் சிக்கிய இரும்பு எளிதில் கரையாது. கரையாதது குடற்சுவரைக் கடவாது.

தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் 1975இல் வெளியிட்ட ஆய்வொன்று இதனை மனிதரிடத்திலேயே நிறுவியது. இரும்பு உப்பின் கரைசல், ரொட்டி, சோறு ஆகியவற்றிலிருந்து உடல் ஏற்கும் இரும்பின் அளவு, உடன் தேநீர் அருந்தியபோது குறைந்தது. சமைத்த குருதிப்பொருளில் உள்ள இரும்பு மட்டும் குறையவில்லை. காய்கறி, பருப்பு, சோறு ஆகியவற்றையே பெரிதும் நம்பி வாழும் குடும்பத்துக்கு இச்செய்தி முதன்மையானது. மாத்திரையில் இரும்பின் அளவு மிகுதியாகையால் அது முற்றும் வீணாகிவிடும் என்று கொள்ளலாகாது. ஆனால் பயன் குறையும்.

குறையை யார்மேல் ஏற்றுவது?

இரண்டு மாதம் சென்று குருதியைச் சோதிக்கும்போது அளவு ஏறவில்லை என்று வைத்துக்கொள்வோம். செவிலியர் காரணம் கேட்கிறார். "ஒரு நாள்கூட விடாம சாப்பிட்டேன், மிசி" என்கிறாள் தாய். அவள் சொல் மெய்யாகவே இருக்கலாம். அது பொய்யென்று கருதப்படவும் கூடும். மருந்தின்மேல் அவளுக்கும், அவள்மேல் மருத்துவ நிலையத்தார்க்கும் நம்பிக்கை தளர்கிறது. பிள்ளைப்பேற்றின்போது குருதி மிகுதியாய் வெளியேறினால், சோகையுள்ள தாய்க்கு அது உயிர்க்கேடாய் முடியலாம். ஒரு குவளைத் தேத்தண்ணீரைச் சற்றுப் பொறுத்துப் பருகாமையால் இத்துணை இடர் வரவேண்டுவதில்லை.

செய்யத்தக்கவை சிலவே. இரும்பு மாத்திரையை வெறும் நீரோடு விழுங்குதல் வேண்டும். எலுமிச்சைச் சாறு, கொய்யா ஆகியவற்றிலுள்ள உயிர்ச்சத்து 'சி' இரும்பு உடலில் சேரத் துணைபுரியும்; இரும்புக்கு ஏற்ற அனுபானம் அதுவே எனலாம். தேநீர், காப்பி, பால் ஆகியவற்றுக்கும் மாத்திரைக்கும் இடையே 2 மணி நேரம் விடுதல் நன்று. வெறுவயிற்றில் குமட்டினால் உணவோடு கொள்ளலாம். மலம் கறுத்துப் போவது இம்மாத்திரையின் இயல்பு. அஞ்சி நிறுத்த வேண்டா. சிறு குழந்தைகள் இம்மாத்திரையை இனிப்பென்று எண்ணிப் பலவற்றை விழுங்கினால் உயிர்போகும். ஆதலின் எட்டாத இடத்தில் பூட்டி வைத்தல் கட்டாயம்.

பிற மருந்துகளுக்கும் இவ்வாறே நெறி உண்டு. டெட்ராசைக்கிளின் என்னும் கிருமிக்கொல்லியைப் பாலோடு உட்கொண்டால், பாலின் சுண்ணாம்புச் சத்து அதனைப் பற்றிக்கொள்ளும். மேற்பூச்சு இட்ட மாத்திரைகளையும், மெல்லக் கரையுமாறு செய்தவற்றையும் மருத்துவரைக் கேளாமல் பொடித்தல் கூடாது. பிள்ளைகளின் நீர்மருந்துக்கு 'ஒரு தேக்கரண்டி' என்றால் 5 மில்லிலீட்டர் என்பது பொருள். அடுக்களைக் கரண்டிகளோ வீட்டுக்கு வீடு வேறுபடும். மருந்தோடு தரும் அளவுகோலையே கொள்க.

உழைச்செல்வான்

மருந்துப் பையின் சீட்டு மலாய் மொழியில் இருக்கும். 'செபெலும் மாக்கான்' என்றால் உணவுக்கு முன். 'செலெபாஸ் மாக்கான்' என்றால் உணவுக்குப் பின். தோட்டத்து வீடுகளில் பாட்டிக்கு இதனைப் படித்துச் சொல்பவர் பெரும்பாலும் பள்ளி செல்லும் பேரப்பிள்ளையே. அப்பிள்ளைக்குச் சீட்டைப் படிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. சீட்டில் இல்லாததையும் மருந்தாளரிடம் கேட்கத் தெரிய வேண்டும்.

இதனை வகுப்பறையில் ஒரே பாடத்தில் கற்பிக்கலாம். இரு கண்ணாடிக் குவளைகளுள் ஒன்றில் நீரும், மற்றொன்றில் பால் சேராத ஆறிய தேநீரும் எடுத்துக்கொண்டு, ஆசிரியர் ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை இரும்புச் சல்பேட்டு இட்டுக் கலக்க வேண்டும். தேநீர் கறுப்பதைப் பிள்ளைகள் காண்பர். அதன்பின் அவர்களுக்கு நெடிய விளக்கம் வேண்டியதில்லை. குவளைகளை உடனே கொட்டிக் கழுவிவிடுதல் ஆசிரியர் கடன்.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்தில் நோயாளி, மருத்துவன், மருந்து ஆகிய மூவகையோடு 'உழைச்செல்வான்' என்னும் நான்காமவனையும் சேர்த்தார். அருகிருந்து மருந்தை முறைப்படி கொடுப்பவன் அவன். தோட்டத்து வீட்டில் ஒரு கையில் மாத்திரையும் மறு கையில் வெறும் நீருமாக, "தேத்தண்ணி அப்புறம், பாட்டி" என்று சொல்லும் சிறுமி அந்நான்காமிடத்தில் நிற்கிறாள். அவளை ஆயத்தம் செய்யும் பொறுப்பு பள்ளிக்கு உரியது.