நுனி இல்லாமல் வளரும் அருவிச் செடிகள்

குற்றால மலையில் தோன்றித் தாமிரபரணியைச் சேரும் சிற்றாறும், மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் பாறைகளின் மேல் பாய்ந்திறங்கும் பிற ஓடைகளும், ஆண்டில் சில மாதங்கள் பெருக்கெடுத்து, பின்பு ஒடுங்கிப் பாறைகளை வெயிலுக்கு விட்டுவிடுபவை. இத்தகைய நீரோட்டத்தை மட்டுமே வாழிடமாகக் கொண்ட பூக்கும் தாவரக் குடும்பம் ஒன்று உண்டு. போடோஸ்டெமேசியே என்று தாவரவியலார் அழைக்கும் அக்குடும்பத்தில், வெப்பமண்டல நாடுகளில் பரவிய ஏறத்தாழ 300 சிற்றினங்கள் உள்ளன; நீரில் மட்டுமே வாழும் பூக்கும் தாவரக் குடும்பங்களுள் இதுவே பெரியது. மேற்குத் தொடர்ச்சி மலையும் இலங்கையும் அதன் முதன்மையான இருப்பிடங்களைச் சேர்ந்தவை. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக வந்து, குற்றாலம் உட்படத் தென்னிந்தியாவின் பல மலைகளில் செடி சேகரித்த ராபர்ட் வைட், 1838 முதல் 1853 வரை வெளியிட்ட தம் படத்தொகுதியில் இக்குடும்பத்துக்கும் இடமளித்தார். இன்று பாலிப்ளூரம் ஸ்டைலோசம் எனப்படும் சிற்றினத்துக்கு முதலில் பெயரிட்டவரும் அவரே. பின்னாளில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தினர் இண்டோட்ரிஸ்டிகா திருநெல்வேலியானா என்று இன்னொன்றுக்குப் பெயர் சூட்டினர். 2019இல் தனி மாவட்டமாவதற்கு முன், குற்றாலம் அமைந்துள்ள தென்காசியும் திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது.

பார்வைக்கு இவை செடிகளாகத் தோன்றுவதில்லை. சில, பாறையின் மேல் பச்சை வண்ணம் பூசியது போன்ற மெல்லிய படலமாகவும், சில நாடாக்களாகவும், சில பாசிக்கொத்துகளாகவும் காணப்படுவதால், வழுக்கும் பாசி என்று ஒதுக்கப்படுவதே இவற்றுக்கு வாய்த்த மதிப்பு. ஆயினும் இவை பூத்து, காய்த்து, விதை தருபவை. நீர் நிறைந்து ஓடும் காலத்தில் மூழ்கியபடி வளரும் இச்செடிகளில் பெரும்பிரிவைச் சேர்ந்தவை, தம் பூமொட்டுகளை மூடிய சிறு பைக்குள் வைத்துக் காத்திருக்கின்றன; சாரல் ஓய்ந்து நீர்மட்டம் இறங்கிப் பாறை வெளிப்பட்டதும் அந்தப் பை கிழிந்து பூ விரிகிறது. செடியின் உடல் வெயிலில் காய்ந்துபோகும் வேளையில் தூசி போன்ற நுண்விதைகள் முதிர்கின்றன. அவற்றின் மேலுறை ஈரம் பட்டவுடன் பசையாக மாறுவதால், அடுத்த மழையின் முதல் நனைவிலேயே விதை பாறையைப் பற்றிக்கொள்கிறது. அருவியில் இந்த ஒட்டும் திறன் இல்லாத விதைக்கு எதிர்காலம் இல்லை.

டி.என்.ஏ. ஒப்பீடுகள் இவற்றின் உறவினர்களை அடையாளம் காட்டியபோது தாவரவியலாரே வியந்தனர். புன்னை, நாங்கு, குடம்புளி முதலிய மரங்கள் அடங்கிய உறவுக் கூட்டத்தின் ஒரு கிளையாகவே இக்குடும்பம் அமைகிறது. குற்றாலச் சீசனில் கடைவீதியில் விற்கப்படும் மங்குஸ்தானின் மரமும் அதே கூட்டத்தைச் சேர்ந்ததே. தண்டு, கிளை, இலை, வேர் என்று ஒழுங்காக வளரும் மரங்களின் மரபிலிருந்து, எது வேர் எது தண்டு என்று பிரித்தறிய இயலாத உடல் எவ்வாறு தோன்றியது என்ற வினாவுக்கு விடை காண, வளர்ச்சி உயிரியலின் மையப் பொருளான குருத்தணுக்களைப் பற்றி அறிய வேண்டியுள்ளது.

பல வகைச் செல்களாக மாறும் ஆற்றலைத் தக்கவைத்துக்கொண்டு, பிரிந்து பிரிந்து புதிய செல்களைத் தந்தவாறே தன்னையும் புதுப்பித்துக்கொள்ளும் செல் குருத்தணு எனப்படுகிறது. விலங்குகளில் பெரும்பாலான உறுப்புகள் கருவிலேயே அமைந்துவிடுகின்றன. தாவரமோ வாழ்நாள் முழுவதும் புதிய இலைகளையும் கிளைகளையும் உண்டாக்குவதால், அதன் குருத்தணுக்கள் தண்டின் நுனியிலும் வேரின் நுனியிலும் நிலையாக அமர்ந்திருக்கின்றன. அவை அமர்ந்துள்ள சிறு திசுவுக்கு நுனி ஆக்குத்திசு என்று பெயர். தண்டு நுனியில் குருத்தணுக்களுக்குக் கீழேயுள்ள செல்களில் வுஷெல் என்னும் மரபணு இயங்கி, மேலுள்ளவற்றைக் குருத்தணுக்களாகவே இருக்கச் செய்கிறது. மேலுள்ள குருத்தணுக்கள் கிளாவேட்டா-3 என்ற சிறு புரதத்தைச் சுரந்து வுஷெல்லை அடக்குகின்றன. ஒன்று மிகுந்தால் மற்றொன்று அதைக் குறைக்கும் இந்தச் சுழற்சி 2000ஆம் ஆண்டளவில் தெளிவாயிற்று. வுஷெல் புரதமே செல்லிலிருந்து செல்லுக்கு நகர்ந்து மேலே செல்கிறது என்பதை, 2011இல் வேணுகோபால ரெட்டியின் கலிபோர்னிய ஆய்வகத்தில் ராம் கிஷோர் யாதவும் பிறரும் காட்டினர். இவற்றோடு, செல்கள் முதிர்ந்து வேறுபடுவதைத் தடுத்துவைக்கும் எஸ்.டி.எம். என்ற மரபணுவும் நுனியில் இயங்குகிறது. நுனியின் ஓரத்தில் இலை அரும்பத் தொடங்கும் இடத்தில் எஸ்.டி.எம். அணைந்து, ஏ.ஆர்.பி. என்ற மரபணு இயங்கத் தொடங்குகிறது. நுனி முடிவின்றி வளரும், இலை ஓர் அளவோடு நின்றுவிடும் என்ற பாடநூல் வரையறைக்கு அடிப்படை இதுவே.

அருவிச் செடிகளின் பெரும்பிரிவான போடோஸ்டெமாய்டியேயில் இந்த வரையறை பொருந்துவதில்லை. அவற்றின் தண்டில் நுனி ஆக்குத்திசு காணப்படுவதில்லை. புதிய இலை முந்தைய இலையின் அடிப்பகுதியின் உட்புறத்தில் தோன்றி, இடையிலுள்ள செல்கள் சிதைவதால் பிரிந்து வெளிவருகிறது. நட்சு கட்டயாமா, சதோஷி கோய், மசாஹிரோ கட்டோ ஆகிய ஜப்பானிய ஆய்வாளர்கள் 2010இல் இச்செடிகளில் மேற்கூறிய மரபணுக்கள் எங்கே இயங்குகின்றன என்று தேடினர். குடும்பத்தின் பழமையான கிளையைச் சேர்ந்த டெர்னியாப்சிஸில், பிற தாவரங்களில் போலவே அவை நுனியில் இயங்கின. பெரும்பிரிவைச் சேர்ந்த ஹைட்ரோப்ரியத்திலோ, எஸ்.டி.எம்., வுஷெல் ஆகிய இரண்டும் அரும்பும் இலையிலேயே காணப்பட்டன. அந்த அரும்பு வளர்கையில் அதன் மேற்பகுதியில் ஏ.ஆர்.பி. இயங்கத் தொடங்கியது. அதாவது ஒவ்வொரு அரும்பும் முதலில் தண்டு நுனியாகத் தொடங்கி, பின்பு முழுவதும் இலையாக முடிகிறது. நுனி தொலைந்துவிட்டது என்று சொல்வதைவிட, அது ஒவ்வோர் இலையிலும் சிறிது காலம் தோன்றி மறைகிறது என்று சொல்வதே பொருத்தம்.

வேரின் மாற்றமும் குறைந்ததன்று. நிலத்தடியில் இருளில் வளர வேண்டிய வேர், இங்கே பாறை மேல் தட்டையாகப் பரவி, பச்சையமேறி, ஒளிச்சேர்க்கை செய்து, தன் மேற்பரப்பில் தண்டுகளையும் தோற்றுவிக்கிறது. ஹைட்ரோப்ரியத்தில் பாறையைப் போர்த்திய படலம் முழுவதும் வேரே. டால்செல்லியா செய்லானிக்காவிலும் அத்தகைய படலம் உண்டு. ஆனால் அது தண்டு, அச்செடிக்கு வேரே கிடையாது. ஒரே தோற்றத்தை இரு வேறு உறுப்புகளிலிருந்து எட்டிய இச்செடிகள், பெயரைக் கொண்டு உறுப்பைப் புரிந்துகொள்ளும் பழக்கத்துக்குச் சங்கடம் தருபவை.

விசித்திரம் கருவிலேயே தொடங்குகிறது. பூக்கும் தாவரங்களில் மகரந்தக் குழாய் கொண்டுவரும் இரண்டு ஆண் செல்களுள் ஒன்று முட்டையோடு கூடிக் கருவாகவும், மற்றொன்று கருப்பையின் மையச் செல்லோடு கூடிக் கருவுக்கு உணவூட்டும் கருவூண் திசுவாகவும் மாறுவது இரட்டைக் கருவுறுதல் எனப்படும். நெல்லின் மாவுப்பகுதியும் தேங்காயின் பருப்பும் இவ்வாறு உண்டானவையே. போடோஸ்டெமேசியேயில் கருவூண் திசு உண்டாவதில்லை. தில்லியைச் சேர்ந்த அனிதா சேகலும் குழுவினரும் டால்செல்லியா செய்லானிக்காவை ஆராய்ந்து 2011இல் காரணத்தை விளக்கினர்: மகரந்தக் குழாய் வந்து சேரும் முன்பே மையச் செல் சிதைந்துவிடுவதால், இரண்டாவது ஆண் செல்லுக்குக் கூடுவதற்கு இணை இல்லை. சூல்திசுவின் செல்கள் சுவர் கரைந்து ஒன்றாகி உருவாகும் ஊட்டப் பகுதியே கருவைப் பேணுகிறது. பெரும்பிரிவின் கருவில் முளைவேரும் வளர்ச்சி பெறுவதில்லை. முளைத்த நாற்றின் பக்கவாட்டிலிருந்து தோன்றும் வேறொரு வேரே செடியாகப் பரவுகிறது. மோகன் ராமும் வித்யாசங்கரியும் தில்லியில் இக்குடும்பத்தின் மற்றொரு செடியான கிரிஃபித்தெல்லாவின் விதைகளைச் சோதனைக்கூட ஊடகத்தில் முளைக்கவைத்து, அச்செடியின் படல உடல் எங்கிருந்து தோன்றுகிறது என்பதை 1987இல் விவரித்தனர்.

இலங்கையின் பெரதெனியத் தாவரத் தோட்டத்தின் இயக்குநராக இருந்த ஜே.சி. வில்லிஸ் 1902இல் இக்குடும்பத்தைப் பற்றி விரிவான ஆய்வை வெளியிட்டார்; பின்னர், ஒரே மாதிரியான பாறையிலும் ஓட்டத்திலும் இத்தனை வகையான உருவங்கள் இருப்பதற்கு இயற்கைத் தேர்வு காரணமாக இருக்க முடியாது என்று வாதிட்டார். அவர் கண்டது சரி, முடிவு மிகையானது. எனினும் உருவத்தின் வேறுபாட்டைச் சூழலில் மட்டுமன்றி வளர்ச்சியின் விதிகளிலும் தேட வேண்டும் என்ற அவரது உள்ளுணர்வுக்கு, கட்டயாமாவின் ஆய்வு நூறாண்டு கழித்து ஒருவகையில் வலுச்சேர்த்தது. அந்த ஆய்வு காட்டியதோ மரபணு எங்கே இயங்குகிறது என்பதை மட்டுமே, எஸ்.டி.எம்.மையோ வுஷெல்லையோ அரும்பில் நிறுத்திவைத்தால் இலை தோன்றுமா என்ற சோதனை அதில் இடம்பெறவில்லை. அரும்பை ஆளும் கட்டளை அந்த மரபணுக்களே தாமா, அல்லது வேறெங்கிருந்தோ பிறக்கும் கட்டளைக்கு அவை வெறும் அடையாளமா என்பதை அத்தகைய சோதனைதான் தீர்க்கும்.